பத்து வரை எண்ண வேண்டும்

இந்த இல்லத்தில் என்னை எல்லோரும் எக்ஸ்பிரஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். உடம்பு முடியாதவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் ஒன்பது வருஷம். ஒரு ஆளைக் குளிப்பாட்டி, துவட்டி, உடுத்தி, நாற்காலியில் உட்கார வைக்க எனக்கு எட்டு நிமிஷம் போதும். அப்படிப்பட்டவனுக்குப் போய்ப் பயிற்சியாம். மீன் குஞ்சுக்கு நீச்சல் வகுப்பா என்று முணுமுணுத்துக்கொண்டுதான் போனேன்.

பயிற்சி கொடுக்க வந்த அம்மா சக்கர நாற்காலியில் வந்தார். வாசற்படியில் சக்கரம் தட்டி நின்றது. ஓடிப்போய்ப் பின்னாலிருந்து தள்ளிவிட்டேன்.

"நான் கேட்டேனா?" என்றார்.

"உதவிதானேங்க..."

"நீங்க பாட்டுக்கு நடந்து போறப்ப யாராவது பின்னாடி வந்து தள்ளிட்டுப் போனா, உதவின்னு சொல்வீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். முதல் நாளே மூக்கறுபட்டேன்.

மூன்று நாளும் அவர் சொன்னது இவ்வளவுதான். தொடுவதற்கு முன் கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. கேட்டதும் மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நான்காம் நாள் தேர்வு, அவரவர் பார்த்துக்கொள்ளும் ஆளோடு. தேறாதவர்கள் துணி துவைக்கும் பிரிவுக்குப் போக வேண்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். துணி துவைக்க எனக்கென்ன வெட்கம்? வாத்தியாரை இன்னொருத்தன் கையில் விட்டுவிட்டுப் போகத்தான் மனசு வரவில்லை.

வாத்தியார் என் ஆள். பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. கண்ணை மேலே தூக்கினால் சரி, கீழே இறக்கினால் வேண்டாம். இந்த ஒன்பது வருஷத்தில் என்னிடம் அவர் ஒரு முறைகூட வேண்டாம் என்றதில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு.

தேர்வன்று அவர் சட்டையில் சூப் கொட்டியிருந்தது. பயிற்சியம்மா மூலையில் பேனாவோடு இருந்தார்.

"வாத்தியாரே, சட்டைய மாத்தலாமா?"

எண்ணினேன். நான்கிலேயே கை தானாகப் பொத்தானுக்குப் போனது. இழுத்துக்கொண்டேன். எட்டில் அவர் கண்கள் கீழே இறங்கின.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "நீலச் சட்டை போடலாமா?" வேண்டாம். "வெள்ளை?" அதுவும் வேண்டாம். பதினொரு மணிக்கு அவர் தங்கை வருவார். கறையோடு பார்த்தால் என் தலைதான் உருளும். மாற்றினால் விதியை மீறியவன், மாற்றாவிட்டால் வேலை தெரியாதவன். சட்டை வேண்டாமா, சோப்பு வாடை பிடிக்கவில்லையா, இல்லை என்னையே பிடிக்கவில்லையா? எதைக் கேட்பது?

"சரி, நான் வெளிய போகட்டுமா?" விளையாட்டாகத்தான் கேட்டேன்.

மூன்று எண்ணுவதற்குள் கண்கள் மேலே போயின.

வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றேன். ஊரில் உள்ள கோபமெல்லாம் அந்த அம்மா மேல் வந்தது. இவர் எண்ணச் சொல்லாமல் இருந்திருந்தால் நானும் வாத்தியாரும் எப்போதும்போல இருந்திருப்போம்.

கொஞ்ச நேரத்தில் அவரே வெளியே வந்தார். "பாஸ். இதே ரூம்லயே வேலையப் பாருங்க."

"சட்டையே மாத்தலையேம்மா?"

"அவர் வேண்டாம்னார், நீங்க விட்டுட்டீங்க. இதான் பரீட்சையே."

"என்னைப் போன்னுட்டாரேம்மா. அஞ்சு நிமிஷத்துக்கா, மொத்தமாவா?"

"என்னைக் கேட்டா? அவரைக் கேளுங்க."

உள்ளே போனேன். சூப் கறையோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரே, நாளைக்கும் நானே வரட்டுமா, இல்ல வேற ஆளை அனுப்பச் சொல்லட்டுமா?"

கண்கள் மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. என்னையே பார்த்தன. இரண்டு கேள்வியை ஒன்றாகக் கேட்டால் மனுஷன் எந்தப் பக்கம் பார்ப்பார்? மடையன் நான். ஒன்றை மட்டும் கேட்க வேண்டும். பயமாக இருந்தது.

"வேற ஆளை அனுப்பச் சொல்லட்டுமா?"

எண்ணினேன். பத்து முடிந்தது. ஒன்றும் இல்லை. அதற்குமேல் எண்ணக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே என்று தொடர்ந்தேன். பதினாலில் கண்கள் கீழே இறங்கின.

வேண்டாம். வேறு ஆள் வேண்டாம்.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? அழுகைதான் வந்தது. ஒன்பது வருஷமாக, அவர் பதில் சொல்லும் நேரத்துக்கு நான் அடுத்த அறைக்குப் போயிருந்தேன்.