ஆஜரானவர்கள் இருவர்

அன்பரசு திருமண, குடும்ப நல ஆலோசகர் ஆவதற்கு இன்னும் எட்டு மணி நேரம் பாக்கி இருந்தது.

புருஷன் பெண்டாட்டி இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்து நாற்பது மணி நேரம் பேசவைத்தால்தான் படிப்பு முடிந்ததாகப் பாடம் நடத்தும் கலைமணி மேடம் கையெழுத்துப் போடுவார். ஆனி முடிவதற்குள் ஆகாவிட்டால் அடுத்த ஆனி. முப்பத்திரண்டு மணி நேரத்தை எப்படியோ தேற்றிவிட்டான். அதில் ஆறு மணி நேரம், சண்டையே போடாத அத்தையும் மாமாவும் இவனுக்காகப் போட்டுக்கொண்ட சண்டை. அது இன்னும் முடியவில்லை.

ஆலோசனை மையம் திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கான உதிரிபாகக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே கம்ப்ரசரை ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் மேலே சுவர் அதிரும். வந்தவர்கள் தன் பேச்சைக் கேட்டுத்தான் நடுங்குகிறார்கள் என்று முதல் மாதம் முழுக்க அன்பரசு நம்பிக்கொண்டிருந்தான். கவுன்சிலிங் என்ற போர்டைப் பார்த்துப் படியேறி வருபவர்களில் பாதிப் பேர் கட் ஆஃப் மார்க்கைச் சொல்லி, பையனுக்கு எந்த என்ஜினியரிங் காலேஜ் கிடைக்கும் என்று கேட்பார்கள்.

சித்திரைக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை ஜோதி வந்தாள். தனியாக. புருஷன் கதிர்வேல் ரிக்கில் டிரில்லர். சத்தீஸ்கரில் போர் போட்டுக்கொண்டிருந்தான். அங்கே மழை விழுந்தால்தான் வண்டி ஊர் திரும்பும்.

“என்ற ஊட்டுக்காரர்கிட்ட ஒண்ணு கேக்கோணுங்க. போன்ல கேட்டா கட் பண்ணிப்போடறாரு.”

“என்ன கேக்கோணுங்க?”

போன தையில் ஆறு மாசத்தில் குழந்தை தங்காமல் போனதைச் சொன்னாள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தபோது கதிர்வேல் சொன்னானாம்: “எண்ணூறு அடி போயிருச்சு புள்ள. பாயிண்ட்டப் பாதில உட்டுப்போட்டு எப்படி வாரது?”

போர் போடுகிற இடத்துக்கு அவர்கள் பாயிண்ட் என்பார்கள். அந்தச் சொல் அன்பரசுக்குப் பிடிக்காது. அவன் அப்பா கண்ணுசாமியும் டிரில்லர்தான். ராஜஸ்தானில் ஒரு பாயிண்ட்டில் இரும்பு ராடு விழுந்து செத்தபோது அன்பரசுக்கு மூன்று வயது.

வராத ஆளுக்காக ஒரு காலி நாற்காலி போடுகிற முறை ஒன்று பாடத்தில் உண்டு. கேட்க வேண்டியதைக் காலி நாற்காலியிடம் கேட்க வேண்டும். பிறகு கேட்டவரே அதில் மாறி உட்கார்ந்து, வராதவரின் இடத்திலிருந்து பதில் சொல்ல வேண்டும். முதுகில் ‘பொன்னன் பந்தல்’ என்று வெள்ளை பெயின்ட்டில் எழுதிய சிவப்பு நாற்காலியை அன்பரசு இழுத்துப் போட்டான். ஜோதி கேட்டாள். மாறி உட்கார்ந்தாள்.

“அவரு என்ன சொல்லுவாருன்னு எனக்கு எப்படீங்க தெரியும்? தெரிஞ்சா நான் ஏனுங்க இங்க வாரேன்?”

நியாயமான கேள்வி. பதிலுக்கு அன்பரசு, பாடத்தில் சொல்லவே சொல்லாததைச் செய்தான். அவளை எழுப்பிவிட்டுத் தானே அதில் உட்கார்ந்தான்.

முதலில் இருமல் வந்தது. தொண்டையில் கல்லுப்பொடி அடைத்ததுபோல வறட்டு இருமல். பிறகு பேச்சு வந்தது.

“அம்முணி,” என்றது. “ஆழத்துக்கெல்லாம் பயந்தவனில்ல நானு. உன்ற மொகத்தப் பாக்கத்தான் பயம். தப்புத்தான் அம்முணி.”

ஜோதி அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “அவரு என்னய அம்முணின்னு கூப்புட்டதே இல்லீங்களே.” சற்று யோசித்தாள். “பரவால்லீங்க. இன்னொருக்காச் சொல்லச் சொல்லுங்க.”

பதிவேட்டில் அன்று, ‘ஆஜரானவர்கள்: இருவர்’ என்று எழுதினான். அறையில் இரண்டு பேர் இருந்தார்கள்தானே.

அடுத்த வியாழனும் வந்தாள். அதற்கடுத்ததும். நாற்காலி பேசிக்கொண்டே இருந்தது. தண்ணீர் விழுவதற்கு முன்னால் குழியிலிருந்து எழும்பும் மண்வாசம். லாரி கேபினில் சொருகி வைத்திருக்கும் அவளுடைய சீப்பு. யாருக்கும் தெரியாமல் அதை எடுத்து முகர்ந்துபார்ப்பது. அன்பரசு ரிக் வண்டியில் ஏறியதே இல்லை. நாற்காலியிலிருந்து எழுந்த பிறகும் நாக்கில் கல் ருசி ஒட்டிக்கொண்டிருக்கும். ஆறாம் வாரம் ஜோதி ஒரு தூக்குவாளியில் பச்சைப்பயறுக் கடைசல் கொண்டுவந்தாள். உங்களுக்கு என்று சொல்லவில்லை. நாற்காலிக்குக் கீழே வைத்தாள்.

“இப்பெல்லாம் அவரு கூப்புட்டா நான் போன எடுக்கறதில்லீங்க,” என்றாள். “இங்கதான் பேசிக்கறமே.”

அன்று சாயங்காலம் அம்மா கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கிவிட்டு வந்ததும் கேட்டான்.

“அப்பா உன்ன எப்படிம்மா கூப்புடுவாரு?”

“இப்ப எதுக்கு அது?”

“சும்மாதான்.”

“அம்முணிம்பாரு. ஏன், எவகிட்டயாவது சொல்லிப்போட்டயா?” சிரித்தாள். “கூப்புடறதுக்கு முன்னால ஒரு இருமல் இருமுவாரு. கல்லுப்பொடி. இருமுனாலே நான் அடுப்ப உட்டுப்போட்டு எந்திரிச்சிருவேன்.”

ராத்திரி சாப்பிடும்போது அன்பரசு இருமினான். ரசக் கரண்டியோடு அம்மா எழுந்து நின்றாள். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள்.

ஏழு மணி நேரம் ஆகியிருந்தது. எட்டாவது வியாழனுக்குள் சத்தீஸ்கரில் மழை பிடித்துக்கொண்டது. ஜோதிக்குப் பின்னால் ஒரு கறுத்த ஆள் தலையைக் குனிந்து உள்ளே வந்தான்.

“ஏனுங்க, நீங்கதானுங்களா நானு?” என்றான் கதிர்வேல்.

அன்பரசு பதிவேட்டை மூடினான்.

“இவ என்னய மன்னிச்சுட்டேங்கறா. நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலீங்க. எதுக்குடின்னா, அதான் சொல்லிட்டீங்களேங்கறா. ஊட்டுல எனக்குப் போட்ட சோத்தத் திங்கறதுக்கே கூச்சமா இருக்குதுங்க.” பேசிக்கொண்டே சிவப்பு நாற்காலியை இழுத்தான்.

“அதுல உக்காராதீங்க,” என்றாள் ஜோதி. “அது அவருது.”

“எவருது?”

ஜோதி அன்பரசுவைப் பார்த்தாள். கீழே கம்ப்ரசர் ஓடத் தொடங்கியது. அன்பரசுவின் தொண்டைக்குள் இருமல் ஏறியது. அம்முணி என்று ஒரு வார்த்தை விட்டால் போதும். நாற்பது மணி நேரமும் முடிந்துவிடும். அவன் ஆலோசகர். அவள் அந்தக் குரலோடு போய்விடுவாள். இந்த ஆள் மழை முடியும்வரை சொந்த வீட்டில் விருந்தாளியாக இருந்துவிட்டு வண்டியேறுவான். அன்பரசு கைக்குட்டையை வாயில் திணித்துக் கண்ணில் நீர் வர இருமலை விழுங்கினான்.

“உக்காருங்க கதிர்வேல்,” என்றான், தன் சொந்தக் குரலில். “உங்களுக்குப் போட்டதுதான்.”

கதிர்வேல் உட்கார்ந்தான். இருமினான். அதே இருமல். ஜோதியின் கை மார்புக்குப் போனது.

“புள்ள,” என்றான் தரையைப் பார்த்து. “அன்னைக்கு எண்ணூறு அடியெல்லாம் போகல. எரநூறுதான். வந்திருக்கலாம். வந்து உன்றகிட்ட என்னத்தச் சொல்றதுன்னு தெரில.”

“எரநூறா?”

“ஆமா.”

“எரநூறு அடிக்கா என்னயத் தனியாக் கெடக்க உட்டீங்க?”

எட்டு வாரத்தில் ஜோதி கத்துவதை அன்பரசு அன்றுதான் கேட்டான். கம்ப்ரசர் சத்தம் காணாமல் போயிற்று. கீழே கடைக்காரர் படியேறி வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். ஒரு மணி நேரம் கழித்து இருவரும் சண்டை போட்டுக்கொண்டே ஒரே வண்டியில் ஏறிப் போனார்கள். தூக்குவாளியை ஜோதி மறக்காமல் எடுத்துக்கொண்டாள்.

அன்பரசு பதிவேட்டைத் திறந்து, முந்தைய ஏழு இடத்திலும் ‘இருவர்’ என்பதை அடித்துவிட்டுப் பெயர்களை எழுதினான்.

“ஜோதி, கண்ணுசாமி,” என்று படித்தார் கலைமணி மேடம். “யாருப்பா இந்தக் கண்ணுசாமி? புருஷன் பேரு கதிர்வேல்தான?”

“எங்கப்பாங்க மேடம்.”

“அவரு எறந்துட்டாருன்னுதான சேரும்போது எழுதிக் குடுத்திருக்க?”

“ஆமாங்க. ஏழு தடவ வந்தாருங்க.”

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். “ஒரு மணி நேரந்தான் செல்லும். பாக்கி ஏழு. அடுத்த ஆனி.”

அந்த வாரமே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். வியாழக்கிழமை அவள் பண்ணைக்கு லீவு சொல்லிவிட்டு, ஊருக்குப் போகிறவள்போலப் புதுச் சேலை கட்டிப் படியேறி வந்தாள். சிவப்பு நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

“நீ அதுல உக்காந்துராத சாமி. வெளிய நில்லு.”

அன்பரசு வெளியே வந்து கதவைச் சாத்தினான். கீழே கம்ப்ரசர் நின்றிருந்தது. உள்ளே யாரோ இருமினார்கள். அம்மா எழுந்திருக்கும் வளையல் சத்தம் கேட்டது.

அந்த ஒரு மணி நேரத்தை அவன் பதிவேட்டில் எழுதவில்லை.