உருளைக்குப் பக்கத்தில் ஒரு படம்

தோள் அகலமாக இருக்கிறது. இரண்டு கோடையாவது தாங்குவாள்.

காலணியைக் கழற்றுவதா வேண்டாமா என்று வாசலில் தயங்கி நின்ற புதியவளைப் பார்த்ததும் சின்னவளுக்குத் தோன்றியது இதுதான். சந்தையில் மாடு பார்க்கிறவன் கண் தனக்கு வந்துவிட்டது என்று உடனே நினைத்துக்கொண்டாள். ஆனாலும் சந்தோஷம் சந்தோஷம்தான்.

ஆஸ்பத்திரி விரிப்புகளை வெளுக்கும் அந்தக் கூடத்தில் பல நாட்டுப் பெண்கள் வேலை செய்தார்கள். சுவரில் 'எல்லோரும் ஒரே குடும்பம்' என்று அத்தனை பேர் மொழியிலும் எழுதி ஒட்டியிருந்தது. எழுதாத ஏற்பாடு ஒன்றும் இருந்தது. கடைசியாக வந்தவள், ஈர விரிப்புகளை ஆவிச் சூட்டில் தேய்த்துத் தள்ளும் இஸ்திரி உருளையில் நிற்க வேண்டும். அவளுக்குப் பின் ஒருத்தி வந்தால், ஜன்னலோரம் உட்கார்ந்து துணி மடிக்கப் போகலாம். சின்னவளுக்குப் பின் இதுவரை யாரும் வரவில்லை. முழங்கைக்குக் கீழே தோல் வெந்து வெந்து நிறம் மாறிவிட்டது.

கூடத்துக்கு மேற்பார்வை அவளுடைய நாத்தனார். வீட்டில் கூப்பிடும் 'சின்னவள்' என்ற பெயரை இங்கேயும் கொண்டுவந்தவள் அவள்தான்.

"சின்னவளே, உனக்கு விடிஞ்சுது போ. இந்தப் பொண்ணுக்கு உருளையைச் சொல்லிக் குடுத்துட்டு ஜன்னல் பக்கம் போய் உக்காரு."

"இப்பத்தானே வந்திருக்காங்க அண்ணி."

"குடும்பம்னு சுவத்துலயே எழுதி வச்சிருக்கு. குடும்பம்னா புதுசா வந்த மருமகதானே அடுப்புல நிக்கணும்?"

அதையே கூடத்தில் எல்லோருக்கும் புரியும் பொதுமொழியில் உரக்கச் சொன்னாள். எல்லா நாட்டுக்காரிகளும் சிரித்தார்கள். ஒருத்திக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

புதியவள் அந்தச் சிரிப்பை வரவேற்பு என்று எடுத்துக்கொண்டாள். உருளையைச் சுற்றி வந்தாள். கூடத்திலேயே பெரிய இயந்திரம் அதுதான்.

"இவ்வளவு பெரிசு எனக்கா?" அரைகுறைப் பொதுமொழியில் கேட்டாள். "மொத நாளே நம்பிக் குடுக்கறீங்களா?"

போனை நீட்டினாள். அம்மாவுக்கு அனுப்ப ஒரு படம் வேண்டுமாம்.

சின்னவள் எடுத்தாள். திரையில் அந்த முகம் மலர்ந்திருந்தது. பின்னால் ஆவி எழுந்தது. இதே இடத்தில் நின்று அவளும் ஒரு படம் எடுத்து ஊருக்கு அனுப்பியிருந்தாள். அன்று எடுத்துக் கொடுத்தவள் இன்று ஜன்னலோரம் தலையணை உறை மடித்துக்கொண்டிருக்கிறாள். போனைத் திருப்பித் தரும்போது அவள் ஏன் தன் முகத்தைப் பார்க்கவில்லை என்பது இப்போது விளங்கியது.

கோபம் வரவில்லை. இரக்கம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள், அதுவும் அகப்படவில்லை. சந்தோஷம் மட்டும் வைத்த இடத்தில் இல்லை.

"என்ன சிலை மாதிரி நிக்கிற? நீ நகரலைன்னா ஜன்னல்ல இவளைத்தான் உக்கார வைக்கணும். அப்புறம் வீட்ல வந்து மூஞ்சியைத் தூக்காதே."

"உக்கார வைங்க அண்ணி."

"கிறுக்கு பிடிச்சிருக்கா உனக்கு? நகரு."

சின்னவள் ஈர விரிப்பின் முனையை நீவி உருளைக்குள் விட்டாள். ஆவி முகத்தில் அடித்தது.

"நான் நகரலை அண்ணி."