மேல் வரிசைக் கைப்பிடி

ஞானஸ்நானம் முடிந்து, பாரிசில் ரூ லூயி-பிளாங் தெருச் சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் எல்லாரும் றோல்ஸ் கடித்துக்கொண்டிருந்தார்கள். சுரேன் அக்காவின் குழந்தைக்குப் போடவேண்டிய சங்கிலியைத் தேடிக் குளிர் ஜக்கற்றின் உள்பைக்குள் கையை விட்டான். வந்தது சங்கிலி இல்லை. விரல் நீளத்தில் மூன்று இரும்பு ஊசிகள். சங்கிலி காற்சட்டைப் பைக்குள் பத்திரமாக இருந்தது; அது பிறகுதான் தெரிந்தது.

அவனுக்கு வேலை ஆல்ப்ஸ் மலையில். பனிச்சறுக்குப் போட்டி நடக்கும் ஊர்களில், சனம் இருந்து பார்க்க இரும்புக் குழாய்களால் படிமேடை கட்டுவதும், போட்டி முடிய அதைக் கழற்றி லொறியில் ஏற்றுவதும். குழாயோடு குழாயைக் கொளுவி, கழன்றுவிடாமல் இருக்க ஒரு ஊசியை அடித்து இறக்குவார்கள். ஊசியை வெளிப்பையில் வைத்தால் குளிரில் விரலோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் எல்லாரும் நெஞ்சுச் சூட்டில், உள்பையில்தான் வைப்பார்கள்.

நேற்று, சோதனைக்காரர்கள் மேடையைப் பார்த்துச் சரி சொல்லிப் போன பிறகு, தொலைக்காட்சிக்காரன் ஒருவன் வந்து மேல் வரிசைக்குக் கமரா ஏற்ற வழி கேட்டான். சுரேன்தான் ஏறி, பின்பக்கம் ஆள் விழாமல் தடுக்கும் கைப்பிடிக் குழாயைக் கழற்றினான். கமரா ஏறியதும் திரும்பக் கொளுவினான். ஊசி அடிக்கப்போன நேரம் பார்த்து, பாரிசுக்குப் போகும் வான்காரன் கீழே நின்று ஹோர்ன் அடித்தான். மருமகளின் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பனே பிந்துவதா என்று விழுந்தடித்துக்கொண்டு இறங்கி ஓடினான்.

பார்வைக்கு அந்தக் கைப்பிடி நல்ல பிள்ளைபோல நிற்கும், யாராவது சாயும் வரைக்கும். அதற்குப் பின்னால் மூன்று மாடிப் பள்ளம், அடியில் இறுகிய பனி. காலை முதல் சுற்றுக்கு மேல் வரிசை நிறையாது; இரண்டாம் சுற்று இன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. உள்ளூர்ப் பெண் ஒருத்தி சறுக்கி வந்தால் போதும், சனம் கால் குளிருக்கும் சேர்த்துக் குதிக்கும், கையோடு கொண்டுவந்த மணியை ஆட்டும், மேல் வரிசை முழுக்கக் கைப்பிடியில் போய்ச் சாயும்.

சுரேன் எழும்பினான், இருந்தான், திரும்ப எழும்பினான். யன்னலடிக்குப் போனான். கீழே சனிக்கிழமைச் சனம் மரக்கறிப் பைகளோடு முட்டிமோதிக்கொண்டு போனது. அவனுக்கு எல்லாரும் விழப்போகிறவர்களாகவே தெரிந்தார்கள்.

ஒரு போன் எடுத்தால் முடிகிற காரியம். எடுக்க விடாதது பெயர். மலையில் அவன் சுரேன் இல்லை, அல்பிரட். அகதி மனு தள்ளுபடியான பிறகு, அக்கா றொஷானியின் கணவர் அல்பிரட்டின் வதிவிட அட்டையைக் காட்டித்தான் வேலைக்குச் சேர்ந்தான். அட்டையில் இருக்கிற படம் மூக்குப் பெருத்த வேறு ஆள். வெள்ளைக்காரருக்கு எங்கள் முகமெல்லாம் ஒன்றுதான் என்பதில் இந்த ஒரு லாபமாவது இருக்கிறது. அல்பிரட்டுக்கோ பொபினி அரச அலுவலகத்தில் குடியுரிமை மனு கிடக்கிறது. பெயரில் ஒரு கறை பட்டாலும் மனு குப்பைக்குத்தான்.

அல்பிரட் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "சங்கிலி எங்கை? எல்லாரும் போட்டோக்கு நிக்கினம்."

சுரேன் உள்ளங்கையை விரித்துக் காட்டி, நடந்ததைச் சொன்னான்.

"அங்கை வேறை ஆரும் பாத்திருப்பினம்."

"ஒருத்தரும் பாக்க மாட்டினம் அத்தான். கொளுவினபடிதானே கிடக்கு."

"இப்ப சொன்னா ஆற்றை பேரிலை விழும்? என்ரை பேரிலை."

"ஓம். அதுதான் உங்களைக் கேக்கிறன்."

கேட்காமல் எடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. எடுக்காமல் இருக்கவும் முடியவில்லை. பிள்ளை அல்பிரட்டின் கழுத்துப்பட்டியைச் சப்பிக்கொண்டிருந்தது.

"சின்னப் பிள்ளையளும் ஏறுவினமோ மேலை?" என்று கேட்டார் அல்பிரட்.

"மேலைதான் ஏறுவினம். அங்கையிருந்துதான் வடிவாத் தெரியும்."

அல்பிரட் போய்ப் பிள்ளையை றொஷானியிடம் கொடுத்துவிட்டு வந்து கையை நீட்டினார். "கொண்டா போனை. உன்ரை பிரெஞ்சு அந்த மேற்பார்வைக்காரிக்கு விளங்கிறதுக்கிடையிலை போட்டி முடிஞ்சிடும். என்ரை பேர், நானே சொல்லுறன்."

மலையில் மேற்பார்வை ஜெனவியேவ். கெட்டிக்காரி, கோபக்காரியும்கூட. இருவரும் படிக்கட்டுக்கு வந்து, இருவருக்கும் கேட்கும்படி போனை ஸ்பீக்கரில் போட்டு அவளை அழைத்தார்கள். "நான் அல்பிரட். நேற்று ஒரு பிழை விட்டுவிட்டேன்" என்று தொடங்கி அத்தான் ஒழுங்காகத்தான் சொன்னார். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: எந்த இடம்?

பிறந்ததிலிருந்து பனிமலையைக் கண்ணால் காணாத அல்பிரட் சுரேனைப் பார்த்தார்.

"மேலை, இடப்பக்கம்," என்று சுரேன் கிசுகிசுத்தான். அல்பிரட் அதை அப்படியே பிரெஞ்சில் சொன்னார்.

"கீழே நின்று பார்த்தால் இடப்பக்கமா, மேலே நின்று பார்த்தால் இடப்பக்கமா?"

அல்பிரட் மறுபடியும் சுரேனைப் பார்த்தார். இந்தப் பக்கத்துக் கிசுகிசுப்பு அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"பக்கத்தில் நிற்பவரிடம் கொடுங்கள்," என்றாள் ஜெனவியேவ்.

சுரேன் வாங்கினான். கமராவுக்குப் பக்கத்தில், கொடி கட்டின தூண் என்று உடைந்த பிரெஞ்சில் சொன்னான். அவள் போனை வைக்கவில்லை. யாரையோ கூப்பிடுவதும், இரும்புப் படிகளில் பூட்ஸ்கள் ஏறுவதும், சனத்தை விலகச் சொல்வதும் கேட்டது. பிறகு ஒருவன் கெட்ட வார்த்தையால் திட்டினான். சுரேனுக்கு விளங்கிவிட்டது. கைப்பிடி அவன் கையோடு வந்திருக்கிறது.

சுத்தியல் அடி கேட்கத் தொடங்கியது. சுரேன் சுவரோடு சாய்ந்தான். அழுகை வந்தது, அழுதான்.

"அடித்தாயிற்று. ஒருவரும் விழவில்லை," என்றாள் ஜெனவியேவ். "அல்பிரட் தானாகவே வேலையை விட்டுவிட்டார் என்று சொல்லிவிடுகிறேன். அவருடைய பெயருக்கு ஒன்றும் வராது. உங்கள் பெயர் என்ன?"

அத்தான் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"சுரேன்," என்றான்.

"நன்றி, சுரேன். திங்கட்கிழமை வரவேண்டாம்."

மூன்று குளிர்காலம் அந்த மலைகளில் ஏறி இறங்கியவனை, அங்கேயிருந்து ஒருவர் அவனுடைய பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.