பக்கத்து வீட்டுப் புல்

வெர்னெலின் வீட்டு முன்வாசல் செம்மண் கட்டாந்தரையாகக் கிடந்தது. கழிவுத்தொட்டியைப் பழுது பார்க்க வந்தவர்கள் இருந்த புல்லையும் கொத்திப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மாதக் கடைசியில் மகள் கெண்ட்ராவின் கல்யாண விருந்து அதே இடத்தில்தான். மாப்பிள்ளை வீட்டார் அட்லாண்டாக்காரர்கள், செருப்பில் தூசி ஒட்டினால் முகம் சுளிக்கும் ரகம். ஆகவே மண்ணோடு பெயர்த்த அருகம்புல் சுருள்களுக்குப் புல் பண்ணையில் சொல்லி வைத்திருந்தாள். விரித்த பிறகு இரண்டு மூன்று வாரம் யாரும் மிதிக்காமல் தண்ணீர் விட்டால்தான் அது வேர் பிடிக்கும். இனி ஒரு நாள்கூடத் தாமதிக்க முடியாது.

வியாழக்கிழமை வரவேண்டிய லாரி வரவில்லை. சாயங்காலம் எட்டிப் பார்த்தால், பக்கத்து வீட்டு ஹோய்ட்டின் வாசல் பச்சைப்பசேலென்று இருக்கிறது! ஹோய்ட் ஒண்டிக்கட்டை. அவன் வாசலில் அதுவரை கோரை முளைத்துக்கூட யாரும் பார்த்ததில்லை. வெர்னெல் பண்ணைக்குப் போன் போட்டாள். “உங்க தெருவுல இன்னிக்கே லோடு எறக்கியாச்சே, மேடம்” என்றாள் அங்கிருந்த பெண்.

வேறு ஊராக இருந்தால் வேலியோரம் நின்று ஒரு கத்து கத்தியிருப்பார்கள். ஜார்ஜியாவில் அது கௌரவக் குறைச்சல். வெர்னெல் வெண்ணெய் கேக் ஒன்று சுட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

“கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கு ஹோய்ட், உங்க புல்லு. என்ன, திடீர்னு ஆசை வந்துருச்சோ?”

“ஆமாங்க மிஸ் வெர்னெல், வந்துருச்சு” என்று, அந்த ஊர் மரியாதைப்படி ‘மிஸ்’ போட்டு, அசட்டுச் சிரிப்புச் சிரித்தபடி கேக்கை வாங்கிக்கொண்டான்.

சிரிப்பைப் பார்! அவள் புல்லை அமுக்கிக்கொண்டு அவளிடமே சிரிக்கிறான். வாய் நிறைய வாழ்த்திவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

சனிக்கிழமை காலை ஹோய்ட் கெளுத்தி மீன் பிடிக்க ஏரிக்குக் கிளம்பினான். அவன் வண்டி திருப்பத்தில் மறைந்ததுதான் தாமதம், அவள் கூப்பிட்டிருந்த சர்ச் பாடகர் குழுப் பெண்கள் மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாக வந்து இறங்கிவிட்டார்கள்.

“ஏடி, இது திருட்டு இல்லையே?” என்றாள் அவர்களில் ஒருத்தியான ரமோனா.

“என் புல்லை நான் எடுத்துக்கறேன், இதுல என்ன திருட்டு? மூலையைப் பிடிச்சு இழு. வேர் இன்னும் எறங்கியிருக்காது.”

இழுத்தால் ஜமக்காளம் மாதிரி சுருண்டு வந்தது. மதியத்துக்குள் மொத்தமும் வெர்னெலின் வாசலில் விரிந்து, தண்ணீரும் குடித்துவிட்டது. ஹோய்ட்டின் வாசல் மொட்டையாக நின்றது.

எல்லோரும் ஐஸ் தேநீரை வாயில் வைத்த நேரத்தில் ஒரு லாரி வந்து நின்றது.

“மிஸ் வெர்னெல்தானே? மன்னிச்சுக்குங்க” என்றான் டிரைவர். “வியாழக்கிழமை பக்கத்து வீட்டு லோடை எறக்கிட்டுத் திரும்பினேன், வண்டி படுத்துருச்சு. உங்களோடதை எங்க எறக்கட்டும்?”

ரமோனா மெதுவாகத் தன் மண்வெட்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். அந்த நேரம் பார்த்து ஹோய்ட்டும் திரும்பி வந்தான். தன் வாசலைப் பார்த்தான். அவள் வாசலைப் பார்த்தான். அப்புறம் லாரியைப் பார்த்தான். அவனும் அந்த ஊர்க்காரன்தானே, குரலை உயர்த்தவில்லை.

“ரொம்ப அழகா இருக்கு, மிஸ் வெர்னெல். எங்க வாங்கினீங்க?”

“உங்க வாசல்லதான் ஹோய்ட். திருடிட்டேன். என்னோடதுன்னு நெனைச்சு…”

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

“இத்தனை வருஷமா இல்லாம திடீர்னு நீங்க புல்லு போட்டா, நான் என்னன்னு நெனைக்கறது?”

ஹோய்ட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். “கெண்ட்ரா கல்யாண போட்டோவுல பின்னாடி என் செம்மண்ணு அசிங்கமாத் தெரியுமேன்னுதான் போட்டேன்.”

வெர்னெலுக்கு வெட்கத்தில் காது மடலெல்லாம் சுட்டது. அழுகையும் வந்தது. “இங்க எறக்குப்பா” என்று ஹோய்ட்டின் வாசலை டிரைவருக்குக் காட்டினாள். வெயிலில் கிடந்தால் சுருள்கள் வெந்துவிடும், அன்றைக்கே விரித்தாக வேண்டும். பெண்கள் முனகிக்கொண்டே மறுபடி தள்ளுவண்டியைப் பிடித்தார்கள்.

ஹோய்ட் நிழலில் நாற்காலியைப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டான்.

“மிஸ் வெர்னெல், இணைப்பெல்லாம் ஒரே நேராப் போகுது பாருங்க. செங்கல் அடுக்கற மாதிரி மாத்தி மாத்தி வைக்கணும். அந்த ரெண்டு வரிசையையும் எடுத்துட்டு மறுபடி போட்டுருங்களேன்.”

வெர்னெல் மண்டியிட்டு, போட்ட புல்லைப் பெயர்க்க ஆரம்பித்தாள்.