எடை குறைந்த சக்கரம்

இந்தக் காலத்தில் எவனைத் தட்டிக் கேட்டாலும் முதலில் உட்காரச் சொல்லி டீ வரவழைக்கிறான். வயிற்றில் அடித்தவனே வாயில் டீயை ஊற்றினால் கோபம் ஆறிவிடும் என்று நினைப்பு. பலராமன் டம்ளரைத் தொடவில்லை.

"டீ எவன்டா கேட்டான்? சக்கரத்தத் தராசுல ஏத்து."

அவருடைய கரும்புச் சாறு மெஷினின் கைச்சக்கரம் உடைந்துவிட்டது. அதை வில்லியனூர் பழைய இரும்புக் கடையில் போட்டு, அதே எடைக்கு வேறொன்றைப் போன வாரம் எடுத்துப் போனார். இரும்பென்றால் எடைதானே? ஆனால் இரண்டு கரும்பு விட்டாலே மெஷின் நின்றுவிடுகிறது. நாளைக்குத் தேர். கூட்டத்தில் மெஷின் திணறினால் கோயில் வாசல் இடத்தை ஐஸ்கிரீம் வண்டிக்காரன் பிடித்துக்கொள்வான்.

கடைக்காரர் உலகநாதன் பழையதையும் புதியதையும் ஏற்றிக் காட்டினார். இரண்டும் முப்பது கிலோ.

"அப்ப தராசே திருட்டுத் தராசு."

"தராசு இல்ல தாத்தா. இது குள்ளச் சக்கரம்," என்றாள் பாலிடெக்னிக் படிக்கும் உலகநாதனின் மகள் யாமினி. "பழசுல கனமெல்லாம் ஓரத்துல. இதுல நடுவுல கெடக்குது."

"எங்க கெடந்தா இன்னா? கனம் கனந்தான்."

அவள் ஒரு கம்பியில், கைபிடிக்கும் இடத்தை ஒட்டி இருபுறமும் எடைக்கற்களைக் கட்டிக் கொடுத்தாள். நடுவில் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார். சுலபமாகத் திரும்பியது. அதே கற்களை இரண்டு முனைக்கும் தள்ளிக் கட்டினாள். இப்போது கம்பி அசையவே யோசித்தது. அசைந்தபின் நிற்காமல் மணிக்கட்டைச் சுளீரென்று முறுக்கிவிட்டது.

"கல்ல மாத்திட்ட."

"நீங்களே போட்டுப் பாருங்க."

அவிழ்த்துப் போட்டுப் பார்த்தார். அதே எடை.

"ஓரத்துல கனம் இருந்தா லேசுல சுத்தாது தாத்தா. சுத்திட்டா லேசுல நிக்காது. கரும்பையும் இழுத்துக்கினு போவும்."

கை ஒத்துக்கொண்டது, அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "காலேஜ்ல இந்த வித்தைதான் சொல்லித் தரானுங்களா?"

உலகநாதன் உள்ளேயிருந்து ஓரம் தடித்த அகலச் சக்கரம் ஒன்றை உருட்டி வந்தார். "இத எடுத்துக்கினு அதக் குடுத்துடுங்க பெரியவரே."

பலராமன் அதையும் தராசில் போட்டார். இருபத்து நான்கு.

"ஆறு கிலோவ முழுங்கத்தான் பொண்ண வுட்டு ஆட்டம் காட்டினியா?"

"ஒரே ஒரு தரம் சுத்திப் பாருங்க தாத்தா!"

அதன்மேல் கையே வைக்கவில்லை அவர். குள்ளச் சக்கரத்தைத் தூக்கி சைக்கிள் கேரியரில் இறுக்கிக் கட்டினார்.

"நாளைக்கு நின்னுடும்," என்றார் உலகநாதன்.

"நின்னா நிக்கட்டும். ஒங்கிட்ட ஏமாற மாட்டேன்."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். முப்பது முப்பதுதான் என்று எதிரே வந்த யாரோ ஒருவனிடம் அதட்டலாகச் சொல்லிவிட்டுப் போனார்.