கழுத்தைப் பிடிக்கும் சைகை

அந்த மரம் அறுக்கும் பட்டறையில், முதலாளி வருகிறார் என்பதற்கு ஒரு சைகை உண்டு: தன் கழுத்தைத் தானே இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வது. ரம்பம் ஓடினால் பக்கத்தில் இருப்பவர் பேச்சே காதில் ஏறாது, எல்லாமே கையால்தான். இந்தச் சைகையைக் கண்டுபிடித்த மகான் ரேடியோ. ஓயாமல் பேசுகிறவன் என்பதால் வைத்த பேர்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது, முதலாளி தும்முவது எப்படி என்று அவன் நடித்துக்காட்டினான். எதிரே பலகை அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்த அவனுடைய அக்கா புருஷன், பாதி முட்டையை வாயில் வைத்தபடி சிரித்தார். சிரிப்பு சட்டென்று நின்றது. இரண்டு கையும் கழுத்துக்குப் போயின.

எல்லோரும் டப்பாவை மூடிவிட்டு வாசலைப் பார்த்தார்கள். ரேடியோவும்தான், மரியாதையாகச் சட்டைப் பொத்தானைக்கூடப் போட்டுக்கொண்டான். வாசலில் ஈ காக்கா இல்லை.

திரும்பினால் அத்தான் உதடு நீலம் பாரித்திருந்தது.

"இருமுங்க அத்தான்."

இருமலும் இல்லை, சத்தமும் இல்லை. ஒருவர் தண்ணீரோடு ஓடிவந்தார். வேண்டாம் என்று ரேடியோ தள்ளிவிட்டான். முதலுதவிப் பயிற்சியன்று, நாலு பேரைச் சிரிக்கவைக்கலாம் என்று மாதிரி ஆளாகத் தானே போய் நின்றவன் அவன். பாடம் காதில் ஏறவில்லை. முதுகும் வயிறும் மறக்கவில்லை. அத்தானை முன்னால் குனியவைத்து, மார்பை ஒரு கையால் தாங்கி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஓங்கி ஐந்து அடி அடித்தான். ஒன்றும் நகரவில்லை. பின்னால் நின்று இடுப்பைச் சுற்றி வளைத்து, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து, மறுகையால் அதைப் பற்றி, உள்ளுக்கும் மேலுக்குமாக இழுத்தான். மறுபடி இழுத்தான். அத்தானின் கால்கள் துவளத் தொடங்கின. அடுத்த இழுப்பில் முட்டைத் துண்டு மரத்தூளில் வந்து விழுந்தது. அவர் உள்ளே இழுத்த மூச்சு, ரம்பத்தைவிடப் பெரிதாகக் கேட்டது.

வயிற்றை அப்படி அழுத்தினால் உள்ளே அடிபட்டிருக்கலாம் என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். அடி எதுவும் இல்லை. என்னால்தானா என்று ரேடியோ டாக்டரைக் கேட்டான்; மெதுவாக மென்று சாப்பிடச் சொல்லுங்கள் என்றார். கூட வந்தவர்களைக் கேட்டான்; நேரம் சரியில்லை என்றார்கள். அத்தானையே கேட்டான்; அவர் தொண்டையைத் தொட்டுக்காட்டித் தப்பித்துக்கொண்டார். ஆனால் அக்கா வந்ததும், கரகரத்த குரலில் அவளிடம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். அதிலிருந்து அவள் தம்பி முகத்தைப் பார்க்கவேயில்லை. இனி அந்த வீட்டுப் படியேற முடியுமா என்பதே அவனுக்குச் சந்தேகமாகிவிட்டது.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"அக்கா... என்னாலதானா?"

அவள் புருஷனின் சட்டையிலிருந்த மரத்தூளைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"சிரிக்க வெச்சதுக்கு உன்னைக் குத்தம் சொல்லமாட்டேன். மனுஷன் வீட்லயும் வாய் நிறைய வெச்சுக்கிட்டுதான் சிரிக்கிறாரு. ஆனா, மூச்சு முட்டி அவர் கூப்பிட்டப்போ நீ பொத்தான் போட்டுக்கிட்டு இருந்திருக்க. அது உன்னாலதான்டா. நாளைக்குப் போனதும் முதல்ல அந்தச் சைகையை மாத்து."