தாயத்துத் தகடு

குளிக்கப் போகுமுன் குழந்தைவேல் தாயத்தைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "மேகலா, அடுத்த வாரம் இதை எடுத்துவைக்க மறந்துடாத. அம்மா இல்லாம நான் மெஷின் பக்கமே போக மாட்டேன்" என்று சிரித்தார். குளியலறையிலிருந்து அவரை நாலு பேர் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். மாரடைப்பு.

பதினாறாம் நாள் காரியத்துக்காக ஜெயங்கொண்டத்து வீட்டிலிருந்து கொள்ளிடத்துக்குக் கிளம்பும்போது, அவருடைய அம்மா சின்னம்மாள் அந்தத் தாயத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"ஆத்துல வுட்டுட்டு வந்துடுறேன். எம் புள்ளையக் காப்பாத்தாத தகடு எதுக்கு?"

"வேணாம் அத்தை. எனக்கு வேணும்."

மேகலாவும் கணவரைப் போலவே பெரம்பலூர்க் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியை. இருவரும் உலையில் சுட்டெடுத்த கறுப்புப் பொடி ஒரு மீக்கடத்தி; கடுங்குளிரில் தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும். அதன்மீது எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால், உள்ளிருக்கும் செம்பின் எலக்ட்ரான்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று தெரியும். வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்துப் பெரிய மெஷினில் ஏழு பொடிகளை அளந்தாயிற்று. எட்டாவது பாக்கி. ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டுப் பார்க்கக் குழந்தைவேல் முதலில் அளந்தது, தாயத்துக்குள் சுருட்டியிருந்த செப்புத் தகட்டை. ஆய்வுக்கூடத்தில் வேறு செம்பு கிடைக்கும். மேகலாவுக்கு மனசு வரவில்லை.

அவருடைய நோட்டை எடுத்துவந்து அத்தையிடம் நீட்டினாள். சின்னம்மாள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஏழு பக்கத்திலும் முதல் வரி ஒன்றுதான்: அம்மா, 8979.

"என்னைய எதுக்குடி எக்ஸ்ரே எடுத்தான்?"

"உங்கள இல்ல அத்தை, நீங்க கட்டிவுட்ட தகட்ட. மெஷின் அப்பப்ப கொஞ்சம் தடம் மாறிடும். செம்பு எக்ஸ் கதிர விழுங்குற எடம் 8979, அது மாறாது. இதை வச்சுத்தான் மெஷினத் திருத்துவாரு."

"அவ்ளோ பெரிய மெஷின, என்னைய வச்சுத் திருத்துனானா?"

"ஏழு தடவை."

சின்னம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொத்தியும் அடங்கவில்லை. கார் ஓட்டுபவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவள் முடிச்சை அவிழ்த்தாள்.

"கயிறு இத்துப்போச்சு. புதுசு கோக்கணும்."

"தகடு மட்டும் போதும் அத்தை."

"மொட்டையா எடுத்துட்டுப் போனா அங்க இருக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

அடுத்த மாதம், வடக்கே உள்ள அந்த ஆய்வுக்கூடத்தில், மேகலா புதுச் சிவப்புக் கயிற்றைப் பிரித்துத் தகட்டை முதலில் வைத்தாள். பிறகு பொடி. திரையில் எட்டாவது கோடு, குழந்தைவேல் நோட்டில் பென்சிலால் முன்கூட்டியே குறித்துவைத்த இடத்திலேயே ஏறியது. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அவள் கைதட்டினாள். உடனே ஜெயங்கொண்டத்துக்குப் போன் போட்டாள்.

"அவரு சொன்னது சரிதான் அத்தை."

"அது கெடக்கட்டும். எம் பேர மொதல்ல எழுதுனியா?"

"எழுதிட்டேன்."

"நம்பரு?"

"8979."